கிரிட்டுக்குள் வெப் சர்வீஸ் ஏன் வந்தது, எங்கே சிக்கியது

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கிரிட், அதாவது பல இடங்களில் உள்ள கணினிகளை இணைத்து ஒரே பெரிய வளமாகப் பயன்படுத்தும் முறை பற்றிய பாடத்தில் ஓஜிஎஸ்ஏ (OGSA), ஓஜிஎஸ்ஐ (OGSI), டபிள்யூஎஸ்ஆர்எஃப் (WSRF) என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றும் ஒன்றா? சாதாரண வெப் சர்வீஸ் (நெட்வொர்க் வழியாக நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் சேவை) கிரிட்டுக்குப் போதாதா? குளோபஸ் என்ற கிரிட் மென்பொருளில் ஒரு ஜாப் (ஓட்ட வேண்டிய கணினி வேலை) அனுப்பினால் உள்ளே என்ன நடக்கிறது? இன்றைக்கு இதெல்லாம் எங்காவது ஓடுகிறதா?

மூன்றும் ஒன்றல்ல. ஓஜிஎஸ்ஏ ஒரு கட்டட வரைபடம் மாதிரி: ஜாப் ஓட்டுவது, தரவை நகர்த்துவது, எந்தக் கணினி காலியாக இருக்கிறது என்று தேடுவது, யாருக்கு அனுமதி என்று பார்ப்பது ஆகிய எல்லாம் தனித்தனி சேவைகளாக இருக்க வேண்டும் என்று சொல்லும். அதை வைத்து நேராக எதையும் ஓட்ட முடியாது. அந்த வரைபடத்துக்கு 2003-இல் போட்ட முதல் அஸ்திவாரம் ஓஜிஎஸ்ஐ. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு 2004-இல் போடத் தொடங்கிய இரண்டாவது அஸ்திவாரம் டபிள்யூஎஸ்ஆர்எஃப். தேர்வுக்கு இவ்வளவு போதும். புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாப்பின் நிலையை யார் வைத்திருப்பது, அதை எந்தப் பெயரால் கூப்பிடுவது? இந்தத் தரங்களின் சண்டையில் பெரும்பகுதி இதைச் சுற்றியே நடந்தது.

முதலில், வெப் சர்வீஸ் பக்கம் ஏன் போனார்கள் என்பது. 2002 வாக்கில் பரவலாக இருந்தது குளோபஸ் டூல்கிட் 2. அதில் ஜாப் அனுப்பும் கிராம் என்ற பகுதி 2119-ஆம் போர்ட்டில் தன் சொந்த நெறிமுறையில் பேசும். வளங்களைப் பற்றிய தகவல் 2135-இல் எல்டாப் (LDAP) என்ற தகவல் தேடும் நெறிமுறை வழியாக வரும். கோப்புகள் 2811-இல் கிரிட்எஃப்டிபி வழியாகப் போகும். மூன்று நெறிமுறை, மூன்று விதமான பிழைச் செய்தி, மூன்று கிளையண்ட் நூலகம். மூன்றுக்கும் பொதுவாக இருந்தது எக்ஸ்.509 என்ற டிஜிட்டல் சான்றிதழை வைத்த பாதுகாப்பு அடுக்கு மட்டும்தான். நான்காவதாக ஒரு சேவை வேண்டுமென்றால் நான்காவது நெறிமுறையை எழுத வேண்டும். அதே நேரத்தில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் சோப் (SOAP, எக்ஸ்எம்எல்லில் செய்தி அனுப்பும் முறை), டபிள்யூஎஸ்டிஎல் (WSDL, சேவையின் இடைமுகத்தை விவரிக்கும் மொழி) இரண்டையும் தூக்கிப் பிடித்தன. கருவிகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. குளோபஸை உருவாக்கிய இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன், ஸ்டீவன் டியூக்கி ஆகியோர் ஐபிஎம்மின் ஜெஃப்ரி நிக்குடன் சேர்ந்து 2002-இல் ஓஜிஎஸ்ஏ யோசனையை முன்வைத்தபோது கணக்கு எளிமையானது: எல்லாச் சேவைகளும் டபிள்யூஎஸ்டிஎல்லில் தங்களை விவரித்து சோப்பில் பேசினால், புதிய சேவைக்குப் புதிய நெறிமுறை வேண்டாம்.

இடித்த இடம் நிலை. அந்தக் காலத்து வெப் சர்வீஸ் எடுத்துக்காட்டுகள் எல்லாம் பங்கு விலை கேட்பது, வெப்பநிலை கேட்பது போன்றவை. கேட்டால் பதில் வரும், கதை முடிந்தது. கிரிட் ஜாப் மூன்று நாள் ஓடும். நடுவில் "எங்கே இருக்கிறாய்" என்று கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், நேரத்தை நீட்ட வேண்டும். கேட்பவர் அனுப்பியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நள்ளிரவில் ஒரு கண்காணிப்பு நிரல் கேட்கலாம். அனுப்பியவரின் மடிக்கணினி அணைந்துபோனால் மிச்சக் கோப்புகளை யாரோ ஒருவர் கூட்டிப் பெருக்க வேண்டும். குக்கி வைத்த செஷன் இதற்கு உதவாது, ஏனென்றால் செஷன் கேட்பவருக்குச் சொந்தமானது. ஜாப் அப்படியில்லை, அதற்கென்று ஒரு முகவரியும் ஆயுளும் வேண்டும்.

ஓஜிஎஸ்ஐ இதற்குச் சொன்ன தீர்வு: ஒவ்வொரு ஜாப்பும் தானே ஒரு சேவை. ஃபேக்டரி என்ற சேவையிடம் கேட்டால் புதிய கிரிட் சர்வீஸ் ஒன்று பிறக்கும். அதற்கு ஜிஎஸ்எச் என்று மாறாத பெயர். இப்போது எந்த முகவரியில், எந்த நெறிமுறையில் பேசலாம் என்பதைச் சொல்ல ஜிஎஸ்ஆர் என்று தனியாக ஒன்று. நிலை எல்லாம் சர்வீஸ் டேட்டாவாக வெளியே தெரியும். ஆயுள் முடிந்தால் தானே சாகும். பொருள்சார் நிரலாக்கம் பழகியவர்களுக்கு இது அழகாகவே தெரியும், சிக்கலும் அங்கேதான். ஒரு இடைமுகம் இன்னொன்றிலிருந்து மரபுரிமை பெற வேண்டும், டபிள்யூஎஸ்டிஎல் 1.1-இல் அந்த வசதி கிடையாது. அடுத்த பதிப்பில் வரும் என்று நம்பி, ஜிடபிள்யூஎஸ்டிஎல் என்று சொந்தமாக ஒரு நீட்டிப்பைப் போட்டார்கள். அந்த அடுத்த பதிப்பு, டபிள்யூஎஸ்டிஎல் 2.0, பரிந்துரையாக வெளிவந்தது 2007 ஜூனில். அதுவரை சாதாரண வெப் சர்வீஸ் கருவிகளால் கிரிட் சர்வீஸ் விவரக் கோப்பை அப்படியே படிக்க முடியவில்லை. இலவசக் கருவிகள் கிடைக்கும் என்றுதானே இந்தப் பக்கமே வந்தார்கள்! பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-லேயே, இருக்கிற வெப் சர்வீஸ் தரங்களை வைத்தே கிரிட்டைக் கட்டலாம், இந்தப் பொருள்சார் வேடம் வேண்டாம் என்று எழுதினார்கள். என் கணிப்பில் அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் சரி.

ஓஜிஎஸ்ஐ-ஐச் செயல்படுத்திய குளோபஸ் 3 வந்தது 2003 நடுவில். 2004 ஜனவரியில் குளோபஸ் அணி, ஐபிஎம், எச்பி ஆகியவை சேர்ந்து அதற்கு மாற்றாக டபிள்யூஎஸ்ஆர்எஃப்-ஐ அறிவித்தன. அரை ஆண்டு இடைவெளி. ஜிடி2-இலிருந்து (குளோபஸ் டூல்கிட் 2) ஜிடி3-க்கு நிரலை மாற்றிக்கொண்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பலர் ஜிடி2-இலேயே உட்கார்ந்துவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டபிள்யூஎஸ்ஆர்எஃப்-இல் சேவையையும் நிலையையும் பிரித்தார்கள். சேவை நிலையில்லாதது, எப்போதும் ஒன்றே. வளம் தனி; அதற்கு ஒரு சாவி உண்டு. சேவையின் முகவரியையும் சாவியையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் எண்ட்பாயின்ட் ரெஃபரன்ஸ், சுருக்கமாக இபிஆர். இது டபிள்யூஎஸ்-அட்ரஸிங் தரத்திலிருந்து வந்தது. கிளையண்ட் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது. முகவரியை எடுத்து அங்கே செய்தியை அனுப்ப வேண்டும், சாவியை அப்படியே சோப் தலைப்பில் ஒட்ட வேண்டும். சர்வர் பக்கத்தில் தலைப்பைப் பார்த்து, ரிசோர்ஸ் ஹோம் என்ற பதிவேட்டில் அந்தச் சாவிக்குரிய வளத்தைத் தேடி எடுத்து, செய்தியை அதன்மேல் செயல்படுத்துவார்கள். பழைய சொற்கள் புதிய பெயருக்கு மாறின: சர்வீஸ் டேட்டா இப்போது ரிசோர்ஸ் ப்ராப்பர்ட்டி, ஆயுள் மேலாண்மை ரிசோர்ஸ் லைஃப்டைம், அறிவிப்பு தனிக் குடும்பமாக டபிள்யூஎஸ்-நோட்டிஃபிகேஷன் ஆயிற்று. சர்வீஸ் குரூப், பேஸ் ஃபால்ட்ஸ் என்று இன்னும் இரண்டு உண்டு. முந்தையது பதிவேடு கட்ட, பிந்தையது பிழைச் செய்திக்கு ஒரே வடிவம் தர. தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பு டபிள்யூஎஸ்ஆர்எஃப் 1.2-ஐத் தரமாக ஏற்றது 2006 ஏப்ரலில்.

இனி உள்ளே நடப்பது. குளோபஸ் 4-ஐ வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தரங்கள் முழுதாக உடம்போடு நடமாடியது அதில்தான். கன்டெய்னர் (சேவைகளை ஓட்டும் சர்வர் நிரல்) 8443-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) வழியாகக் காத்திருக்கும். நீங்கள் முதலில் உங்கள் சான்றிதழிலிருந்து ஒரு ப்ராக்ஸி செய்துகொள்வீர்கள். இயல்பாக 12 மணி நேரம் செல்லும், கடவுச்சொல் இல்லாத தற்காலிகச் சான்றிதழ். ஜாப் உங்கள் சார்பில் கோப்புகளை நகர்த்த வேண்டுமானால் டெலிகேஷன் சேவையிடம் அந்த அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்கும் ஒரு இபிஆர் திரும்பி வரும். பிறகு ஜாப் விவரத்தை எக்ஸ்எம்எல்லில் எழுதி ஜாப் ஃபேக்டரிக்கு அனுப்புவீர்கள். ஃபேக்டரி ஒரு ஜாப் வளத்தை உருவாக்கி அதன் இபிஆரைத் தரும். கிரிட்மேப் கோப்பைப் பார்த்து உங்கள் சான்றிதழ்ப் பெயர் எந்த யூனிக்ஸ் பயனர் என்று தெரிந்துகொண்டு, சூடோ (sudo, வேறு பயனராக ஓட்டும் கட்டளை) மூலம் அந்தப் பயனராக ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டும். ஜாப், கியூவை நடத்தும் மென்பொருள் பிபிஎஸ், காண்டர், எல்எஸ்எஃப் எதுவாக இருந்தாலும் அதன் கியூவில் போய் நிற்கும். கியூவின் பதிவுக் கோப்பைப் படித்துக்கொண்டே இருக்கும் இன்னொரு செயலி, ஜாப்பின் நிலை மாறும்போதெல்லாம் வளத்தின் ப்ராப்பர்ட்டியை மாற்றும்: கோப்பு உள்வருகை, காத்திருப்பு, ஓட்டம், கோப்பு வெளியேற்றம், துப்புரவு, முடிவு அல்லது தோல்வி.

இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஜாப்பை அனுப்பிவிட்டீர்கள், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ஜாப் பிறந்ததா இல்லையா? தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு ஜாப் ஓடலாம். அதனால் கிளையண்டே ஒரு தனித்த அடையாள எண்ணை உண்டாக்கி ஜாப்போடு அனுப்பும். அதே எண்ணோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் படைக்காது, பழைய இபிஆரையே தரும். பணம் செலுத்தும் செயலிகளில் இன்று எல்லாரும் செய்வது இதைத்தான்.

இது எங்கே உடையும் என்பதுதான் பாடப்புத்தகத்தில் வராத பகுதி.

மிக அடிக்கடி உடைவது பெயர்வெளியில் (namespace, ஒரு பெயர் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி). எக்ஸ்எம்எல்லில் ஒரு தரத்தின் பதிப்பு அதன் பெயர்வெளி முகவரியில் ஒளிந்திருக்கும். குளோபஸ் 4.0 பயன்படுத்தியது டபிள்யூஎஸ்-அட்ரஸிங்கின் 2004 மார்ச் வரைவு, டபிள்யூஎஸ்ஆர்எஃப்-இன் 2004 ஜூன் வரைவு. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையான அட்ரஸிங்கின் பெயர்வெளியில் 2005 ஆகஸ்ட் என்று இருக்கும். பழைய வரைவில் சாவியை ரெஃபரன்ஸ் ப்ராப்பர்ட்டி என்ற பகுதியில் வைத்தார்கள். இறுதிப் பதிப்பில் அந்தப் பகுதியே இல்லை, ரெஃபரன்ஸ் பாராமீட்டர் மட்டும்தான். இரண்டும் "அட்ரஸிங் ஆதரவு உண்டு" என்று விளம்பரப்படுத்தும், ஒன்றோடு ஒன்று பேசாது. 2008-இல் வந்த குளோபஸ் 4.2 இறுதிப் பதிப்புகளுக்கு மாறியதால் 4.0 கிளையண்ட் அதனிடம் பேச முடியாமல் போனது. "வளம் இல்லை" என்றோ "தலைப்பு புரியவில்லை" என்றோ பிழை வந்தால், நிரலைத் தோண்டுவதற்கு முன் இருபக்கச் செய்திகளையும் பிடித்துப் பெயர்வெளிகளை ஒப்பிடுங்கள்.

அடுத்தது இபிஆருக்குள் போகும் முகவரி. கன்டெய்னர் தன் சொந்தப் பெயரைத் தானே கண்டுபிடித்து இபிஆரில் எழுதும். உபுண்டு, டெபியன் கணினிகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயர் 127.0.1.1-க்குக் கட்டப்பட்டிருக்கும். விளைவு: முதல் அழைப்பு சரியாகப் போகும், திரும்பி வரும் இபிஆரில் லூப்பேக் முகவரி (கணினி தன்னையே குறிப்பது) இருக்கும், இரண்டாவது அழைப்பில் கிளையண்ட் தன்னையே தட்டிப் பார்த்துவிட்டு "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று சொல்லும். ஒரே கணினியில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துங்கள், அல்லது கன்டெய்னர் அமைப்புக் கோப்பில் லாஜிக்கல்ஹோஸ்ட் மதிப்பை வெளியில் தெரியும் பெயராக வையுங்கள்.

சான்றிதழ்களில் நான்கு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, கடிகாரம்: ப்ராக்ஸியின் தொடக்க நேரம் வேண்டுமென்றே 5 நிமிடம் பின்தள்ளி எழுதப்படும். சர்வர் கடிகாரம் அதற்கு மேல் பின்தங்கினால் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும்; கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி இல்லாமல் கிரிட் நடத்தாதீர்கள். இரண்டு, சான்றிதழ் ஆணையத்தின் கோப்பு: அதன் பெயர் ஒரு ஹாஷ் (ஆணையத்தின் பெயரிலிருந்து கணக்கிட்ட குறியீடு). 2010-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0 அந்த ஹாஷைக் கணக்கிடும் முறையை மாற்றியது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனால் நூலகம் வேறு பெயரில் தேடி "ஆணையம் தெரியாது" என்னும். பழைய ஹாஷ், புதிய ஹாஷ் இரண்டு பெயரிலும் இணைப்பு வையுங்கள். பக்கத்தில் சைனிங் பாலிசி கோப்பும் அதே ஹாஷ் பெயரில் இருக்க வேண்டும். மூன்று, ரத்துப் பட்டியல்: காலாவதியான ரத்துப் பட்டியல் இருந்தால் அந்த ஆணையம் தந்த எல்லாச் சான்றிதழும் ஒரே நாளில் மறுக்கப்படும், பட்டியலே இல்லாவிட்டால் பொதுவாகச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நான்கு, தனிச்சாவிக் கோப்பின் அனுமதி. உரிமையாளர் தவிர வேறு யாராலும் படிக்க முடியும் என்றால் குளோபஸ் அதைத் தொடாது. இந்தியாவில் இந்தச் சான்றிதழ்களை வழங்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்திய ஐஜிசிஏ என்ற ஆணையம். சி-டாக்கின் கருடா கிரிட்டுக்கும் அதுதான்.

ப்ராக்ஸிக்கு 12 மணி நேரம், ஜாப்புக்கு 3 நாள் என்றால் என்ன ஆகும்? ஜாப் நன்றாக ஓடி முடியும். முடிவுக் கோப்பை வெளியே அனுப்பும் கட்டத்தில் சான்றிதழ் செத்திருக்கும், முழு ஜாப்பும் தோல்வி என்று பதிவாகும். சான்றிதழ்களைச் சேமித்துத் தரும் மைப்ராக்ஸி சர்வரில் நீண்ட ஆயுளுள்ள சான்றிதழ் ஒன்றை வைத்து அங்கிருந்து புதுப்பித்து, டெலிகேஷன் வளத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஆயுள் பற்றி இன்னொரு கண்ணி: ஜாப் வளத்தை அழித்தால் ஜாப்பும் ரத்தாகும். முடிவு நேரத்தைக் குறைத்து வைத்துவிட்டு, "கியூவில் இருந்த ஜாப் காணோம்" என்று பிபிஎஸ்ஸைத் திட்டுவதில் பயனில்லை.

சூடோ விஷயம் சின்னது, ஆனால் அரை நாளை விழுங்கும். ரெட்ஹேட் வகைக் கணினிகளில் சூடோவுக்கு டெர்மினல் கட்டாயம் என்ற வரி இயல்பாகவே இருந்தது. கன்டெய்னருக்கு ஏது டெர்மினல்? குளோபஸ் பயனருக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தை நீக்க வேண்டும்.

அறிவிப்பு முறை எனக்கு எப்போதும் சந்தேகம் தந்த பகுதி. டபிள்யூஎஸ்-நோட்டிஃபிகேஷனில் சர்வர்தான் கிளையண்டைக் கூப்பிடும்; அதற்காகக் கிளையண்ட் ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்க வேண்டும். கல்லூரி நெட்வொர்க்கில், நாட் (NAT, பல கணினிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. ஜாப் முடிந்திருக்கும், திரையில் "காத்திருப்பு" என்றே நிற்கும். சந்தாவும் ஒரு வளம், அதற்கும் ஆயுள் உண்டு. புதுப்பிக்காவிட்டால் எந்தப் பிழையும் காட்டாமல் அறிவிப்பு நின்றுபோகும். 30 அல்லது 60 விநாடிக்கு ஒருமுறை கிளையண்டே ப்ராப்பர்ட்டியைக் கேட்டுக்கொள்வது பார்க்க அழகில்லை, ஆனால் ஓடும். கிரிட்எஃப்டிபி தரவு இணைப்புக்கும் இதே கதை. 2811-ஐ மட்டும் திறந்தால் போதாது, தரவுக்கென்று ஒரு போர்ட் வரிசையை, உதாரணமாக 50000 முதல் 51000 வரை, சூழல் மாறியில் குறித்து ஃபயர்வாலிலும் அதே வரிசையைத் திறக்க வேண்டும்.

தரவை ஒருபோதும் சோப் செய்திக்குள் வைக்காதீர்கள். பைனரியை பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதற்குமேல் முழு எக்ஸ்எம்எல் மரமும் நினைவகத்தில் ஏறும். கோப்பின் கிரிட்எஃப்டிபி முகவரியை மட்டும் அனுப்பி, நகர்த்தும் வேலையை அதனிடம் விடுங்கள். பாதுகாப்பிலும் இதே எடைப் பிரச்சினை: செய்தி மட்டத்தில் ஒவ்வொரு சோப் செய்தியையும் எக்ஸ்எம்எல் கையொப்பமிடுவது மிக மெதுவாக இருந்ததால், குளோபஸ் 4 இயல்பாக டிஎல்எஸ்ஸுக்கே திரும்பியது.

இன்றைய நிலை என்ன? 2010-இல் வந்த குளோபஸ் 5, வெப் சர்வீஸ் கிராமைக் கைவிட்டு ஜிடி2 காலத்து நெறிமுறையின் மேம்பட்ட வடிவத்துக்குப் போனது. பழைய கிராம் ஓடிக்கொண்டே இருந்த இடங்கள் ஒன்றும் இழக்கவில்லை. குளோபஸ் டூல்கிட்டுக்கான ஆதரவே 2018-இல் முடிந்தது. மிச்சத்தை கிரிட் கம்யூனிட்டி டூல்கிட் என்ற பெயரில் பயனர் சமூகம் பராமரிக்கிறது. ஐரோப்பாவில் கிரீம் என்ற வெப் சர்வீஸ் ஜாப் வாயில் 2020 வரை தாக்குப்பிடித்தது. இன்னொரு கிரிட் மென்பொருளான யூனிகோர் தன் ஆறாம் பதிப்பை டபிள்யூஎஸ்ஆர்எஃப்-இல் கட்டி, பிறகு ரெஸ்ட் (REST, சோப் இல்லாமல் யூஆர்எல் வழியாகவே வளங்களை அணுகும் முறை) பக்கம் நகர்ந்தது. மைக்ரோசாஃப்ட் அணி டபிள்யூஎஸ்-டிரான்ஸ்ஃபர், டபிள்யூஎஸ்-ஈவென்டிங் என்று எதிர்த் தரங்களை வைத்திருந்ததும், 2006-இல் இரு தரப்புத் தரங்களையும் இணைக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் சேர்ந்து, எதை நம்பி நிரல் எழுதுவது என்ற குழப்பத்தை முற்ற வைத்தன. அதே 2006-இல்தான் அமேசானின் கிளவுட் சேவைகளான எஸ்3, இசி2 இரண்டும் வந்தன.

தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் சோப் இல்லாதவை: 2004-இல் ஆர்எஃப்சி 3820 ஆன ப்ராக்ஸி சான்றிதழ், கிரிட்எஃப்டிபி, வளங்களை விவரிக்கும் குளூ திட்டம். அவற்றிலும் ப்ராக்ஸி இப்போது டோக்கன்களுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஆய்வுக் கணினிக் கூட்டமைப்பான ஓஎஸ்ஜி 2022-இல் அந்தப் பழைய பாதுகாப்பு அடுக்கை விட்டுவிட்டது.

ஆனால் டபிள்யூஎஸ்ஆர்எஃப் விடை தேடிய கேள்விகள் எங்கும் போகவில்லை. ரெஸ்டில் யூஆர்எல்லே இபிஆர். கெட் (GET) என்றால் ப்ராப்பர்ட்டியைக் கேட்பது, டிலீட் (DELETE) என்றால் அழிப்பது. இன்றைய கிளவுட் நிர்வாக மென்பொருளான குபர்நெட்டிஸில் ஒரு ஜாப் பொருளின் ஸ்டேட்டஸ் பகுதி ரிசோர்ஸ் ப்ராப்பர்ட்டியின் வேலையைச் செய்கிறது. முடிந்த ஜாப்பை இத்தனை விநாடியில் நீக்கு என்ற அமைப்பு ஆயுள் மேலாண்மையின் வேலையைச் செய்கிறது. வாட்ச் செய்வது அறிவிப்பு, ஆனால் திசை மாறியிருக்கிறது: கிளையண்ட் இணைப்பைத் திறக்கிறது, மாற்றங்கள் அதே இணைப்பில் வழிந்து வருகின்றன. நாட் தொல்லை அங்கே தீர்ந்தது.

லேப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் கிரிட் அண்ட் கிளவுட் கம்ப்யூட்டிங் தாளும், குளோபஸ் டூல்கிட்டை வைத்த ஆய்வகமும் இருந்தன. ஓஜிஎஸ்ஏ-வுக்கு இணங்கும் சேவை எழுது என்று ஒரு பயிற்சியும் உண்டு. குளோபஸ் 6-ஐ நிறுவிக்கொண்டு அந்தப் பயிற்சியைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அதில் ஜாவா வெப் சர்வீஸ் கன்டெய்னரே இல்லை. டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஆக்சிஸ் என்ற சோப் நூலகத்தைப் போட்டு எழுதுவது சாதாரண வெப் சர்வீஸ், கிரிட் சர்வீஸ் அல்ல. உண்மையான டபிள்யூஎஸ்ஆர்எஃப் பார்க்க வேண்டுமானால் தனி மெய்நிகர் கணினியில் பழைய லினக்ஸ், ஜாவா 5 அல்லது 6, குளோபஸ் 4.0 அல்லது 4.2-இன் ஜாவா கோர் மட்டும் போதும். போஸ்ட்கிரெஸ், கோப்பு நகர்த்தும் சேவை எதுவும் வேண்டாம். அதோடு வரும் கவுன்டர் எடுத்துக்காட்டை ஓட்டுங்கள். இரண்டு கவுன்டர் உருவாக்கி, இரண்டு இபிஆர் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள்: முகவரி ஒன்று, சாவி வேறு. பிறகு ஒன்றுக்கு முடிவு நேரத்தை 2 நிமிடமாக வைத்து, 3-ஆம் நிமிடம் கூப்பிடுங்கள். இணையத்துக்கு வெளியே மூடி வைத்த கணினியில் மட்டும் இதைச் செய்யுங்கள்; அந்த நூலகங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து பல வருடம் ஆகிறது.